கோலமாவு வட்டம்

பேட்டரிக்கு ஐஸ் போட்டவன் நான். வஞ்சிரத்துக்குப் போடுவது போலவேதான் போட்டேன். பக்கவாட்டில் ஒரு கூடை, மேலே ஈரக் கோணி, கோணிக்கு மேலே இன்னொரு கூடை. ஏதோ ஒரு நாள் அவசரத்தில் செய்துவிட்டேன் என்றால் மன்னிக்கலாம். எட்டு நாள் செய்தேன். எட்டு நாளும் அதைப் பாகூர் மார்க்கெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன். ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி, கேட்காதவனையும் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன்.

"எனக்கு யாரும் சொல்லலப்பா" என்று இப்போதும் சிலரிடம் சொல்லி வருகிறேன். அது பொய். ஒருவர் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "எம் பேர இன்னாத்துக்குண்ணா போட்ட, எனக்குப் பயமா கீது" என்பார். அந்தம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். நமக்கும் பயம் உண்டு, ஆனால் மறைத்து வைத்துக்கொள்வோம். அவர் மணி என்ன என்று சொல்வதைப் போலச் சொல்வார். "பயமா கீது" என்பார், அடுத்த வார்த்தையிலேயே "அந்த ஸ்பேனர எடு" என்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

பாகூருக்கு வெளியே, மூடிப்போன ஒரு ரைஸ் மில்லின் நெல் காயவைக்கிற களம்தான் அவருடைய பட்டறை. வழவழவென்று சிமெண்டுத் தரை, மேலே ஆகாயம். ஓர் ஓரத்தில் மட்டும் நாலு தகரம் போட்டு மேசை, நாற்காலி, சாமான்கள். மின்சார ஸ்கூட்டர், மின்சார ஆட்டோ, என்னுடையதைப் போன்ற மூணு சக்கர மீன் வண்டி எல்லாவற்றின் பேட்டரிக்கும் அங்கேதான் வைத்தியம். "பஜார்ல ஒரு கடை எடுக்கக் கூடாதாம்மா? வெயில்ல காயிறியே" என்று கேட்டேன்.

"கடைக்கு ஒரே வாசல்ண்ணா" என்றார். அவ்வளவுதான் காரணம்.

நாற்பது வயதிருக்கும். புடவை கட்டி, காலில் ஆம்பளை ஷூ போட்டிருப்பார். செருப்புப் போட்டு ஓட முடியாதாம். ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினாலும் திருப்பி, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். களத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேட்டரிகளுக்கு முதுகைக் காட்ட மாட்டார். டீக்கடையில் பெஞ்சின் நுனியில்தான் உட்காருவார். பாதி பெஞ்சு காலியாக இருந்தாலும் உள்ளே நகர மாட்டார்.

வண்டி வந்ததும் முதலில் பேட்டரிப் பெட்டியைத் தொடுவார். உள்ளங்கையால் இல்லை, புறங்கையால். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கழுத்தில் வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. கொரோனாவில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி மாதிரி ஒன்றும் வைத்திருந்தார். அதையும் நீட்டுவார், நம்பரையும் பார்ப்பார். அப்புறம் புறங்கையை வைத்துத்தான் முடிவுக்கு வருவார். ஏன் புறங்கை என்று கேட்டதற்கு, "கரண்ட் இருந்தா உள்ளங்கை கவ்விக்கும்ணா. புறங்கை ஒதறிக்கும்" என்றார்.

தொட்ட பிறகு பெரும்பாலும் ஒரே வார்த்தைதான். "ஆறட்டும்."

வெயிலில் ஓடிவந்த வண்டியை அவர் உடனே பிரிக்க மாட்டார், உடனே சார்ஜும் போட மாட்டார். வேப்பமர நிழலில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். முக்கால் மணி, ஒரு மணி. நாம் குதித்தாலும் ஆகாது. "சூடா கீறப்ப அதுக்குச் சாப்பாடு குடுக்கக் கூடாதுண்ணா. மொதல்ல அடங்கணும்." நானோ மீன்காரன். ஒரு மணி நேரம் சும்மா நின்றால் என் சரக்கு நாறும். 

அந்தக் களத்தில் பேட்டரிகளை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைக்க மாட்டார். ரெண்டுக்கும் நடுவே ஓர் ஆள் கையை நீட்டிப் படுக்கலாம். அடிபட்டது, உப்பிப்போனது, தண்ணீர் புகுந்தது என்று ஒன்று வந்தால் அதற்குத் தனி மரியாதை. களத்தின் நட்டநடுவே வைத்து, பத்தடி தள்ளி, சுற்றிலும் கோலமாவால் ஒரு வட்டம் போடுவார். மூன்று நாள் அந்த வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. காற்றில் மாவு கலைந்தால் மறுபடி போடுவார். சாக்பீஸ் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, கயிறு கட்டினால் ஜனங்கள் தாண்டிவிடுவார்கள், கோலத்தை மட்டும் எல்லோரும் மிதிக்கத் தயங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு.

முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை.

"இன்னாம்மா இது, பேட்டரிக்குச் சூனியமா? எலுமிச்சம்பயம் எங்க?" என்றேன்.

வண்டியோடு வந்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். "எலுமிச்சம்பயத்துக்கு அடங்கும்னா ஒரு மூட்டையே வாங்கியாந்து வெச்சிடுவேண்ணா. அடங்காதே" என்றார்.

சிரித்தார்கள் அல்லவா, போதாதா எனக்கு? மீன் விற்கப் போகிற இடமெல்லாம் அந்த ஜோக்கையும் சேர்த்து விற்றேன். பாகூரில் விற்றேன், மடுகரையில் விற்றேன். வண்டி எங்கே என்று கேட்டால், "சூனியக்காரம்மா கிட்ட வுட்டுட்டு வந்தேன், வட்டத்துக்குள்ள குந்திகினு கீது" என்பேன். பொம்பளைகள் சிரித்தபடியே மத்தியைக் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள்.

இன்னொன்றும் செய்தேன். ஒருநாள் டீக்கடையில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அந்தம்மா டீ கிளாஸோடு எழுந்து ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டார். ஒரே ஓட்டம். குக்கர் என்று தெரிந்ததும் மெதுவாகத் திரும்பி வந்து, மிச்ச டீயைக் குடித்தார். மறுநாள் அதே கடையில் நான் அதை நடித்துக் காட்டினேன். புடவையைத் தூக்கிப் பிடிப்பது, கண்ணை உருட்டுவது, ஷூ காலோடு தத்தித் தத்தி ஓடுவது எல்லாம். கடையே குலுங்கியது. திரும்பிப் பார்த்தால் பெஞ்சு நுனியில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "கால இன்னும் வெரசா போடணும்ண்ணா. நான் இத்தினி மெதுவா ஓட மாட்டேன்."

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். இந்த வேலைக்கு வருமுன் பேட்டரி கோர்க்கிற ஒரு கம்பெனியில் அவர் இருந்ததாகக் கேள்வி. எந்தக் கம்பெனி, என்ன நடந்தது, ஒன்றும் சொல்லவில்லை. "ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸ உள்ளயே வுட்டுட்டு ஓடியாந்துட்டேண்ணா. பக்கத்துல குந்தி இருந்தவ அத எடுக்கத் திரும்புனா" என்றார். எனக்கு வந்த ஜோக்கைக்கூட வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அப்படி நான் வைத்துக்கொண்ட ஒரே ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன்.

யாருக்குப் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தாலும் மூன்று கேள்வி கேட்பார். சார்ஜ் போடுகிற இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், வெளியே வர வழி எது.

என்னிடமும் கேட்டார். "மேல ஆகாசம், பக்கத்துல சாமி, வயி தானா வரும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் வந்து பாக்கட்டுமா?"

"வாம்மா, நெத்திலிக் கொயம்பு வெக்கச் சொல்றேன்."

நிஜமாகவே எங்கள் ஊர் மணப்பட்டுக்கு வந்துவிட்டார். வாசலிலேயே நின்று பார்த்தார். என் வீட்டில் பெரிய பிளக் வாசல்நடையில் ஒன்றுதான். அதனால் வண்டியைப் பின்பக்கமாக வாசல் வரை ஏற்றி நிறுத்தித்தான் வயரை மாட்டுவேன். வண்டி நின்றால் வாசல் அடைபடும், ஒருக்களித்துக்கூட நுழைய முடியாது. மேலே தகரச் சார்ப்பு, சூடு இறங்கக் கூடாது என்று தகரத்துக்கு மேல் கீற்று. பக்கத்துச் சுவருக்கு அந்தண்டை பெரிய அறை. பிரசவத்துக்கு வந்த என் மகள் அதில்தான் இருந்தாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை, பெண் குழந்தை, பிறந்து பதினோரு நாள். தூளியை அந்தச் சுவரோரம்தான் கட்டியிருந்தோம், காற்று அங்கேதான் வரும் என்று.

அந்தம்மா எல்லாவற்றையும் பார்த்தார். "பின்கதவு?" என்றார். பின்கதவுக்கு முன்னால் மீன் கிரேட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

என்னை விட்டுவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டார். "அக்கா, எனக்குப் பயமா கீது. அந்தக் கதவ மட்டும் தொறந்து வையிக்கா" என்றார். குழம்பைத் தொடாமலே போய்விட்டார். அன்று மாலைக்குள் என் மனைவி அத்தனை கிரேட்டையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டாள். எனக்கு ஒரே கோபம். மறுநாளே என் பெரிய ஐஸ் பெட்டியை மட்டும் கொண்டுபோய், அதே கதவை ஒட்டி வெளிப்பக்கம் வைத்தேன். வீட்டில் ஆம்பளை யார் என்று தெரிய வேண்டாமா?

இப்போது ஐஸ் கதைக்கு வருகிறேன்.

சித்திரை வெயில். மீன்பிடித் தடைக்காலம் வேறு. பெரிய போட்டுகள் கரையில் கிடந்தன, சின்ன ஃபைபர் போட்டு மீன்தான் எங்கேயும். அதற்குக் கிராக்கி. காலையில் ஒரு நடை, மத்தியானத்துக்கு மேல் ஒரு நடை என்று ஓட்டினேன். வண்டி தாங்கவில்லை. பத்து மணிக்கு மேல் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சின்னத் திரையில் ஓர் ஆமைப் படம் வரும். ஆமை வந்தால் வண்டியும் ஆமைதான். எவ்வளவு முறுக்கினாலும் சைக்கிள்காரன் தாண்டிப் போவான். வலையில் ஆமை மாட்டினால் அறுத்து விட்டுவிடலாம். திரையில் மாட்டிய ஆமையை என்ன செய்வது?

களத்துக்குப் போனேன். அந்தம்மா பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். மீன் தண்ணி படக்கூடாது என்று நான் ரெக்சினால் பெட்டியை முழுக்கச் சுற்றிக் கட்டியிருந்தேன். அதை அவிழ்த்ததும் உள்ளே காற்று போகிற பள்ளங்கள் எல்லாம் மீன் செதில். ஈரம் காய்ந்து சிமெண்டு பூசியது மாதிரி அப்பியிருந்தது.

"மூக்கப் பொத்தி வெச்சிட்டு ஓடுன்னா எப்பிடிண்ணா ஓடும்?" என்று பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். "அதுவே சூடு தாங்காம, என்ன வுட்டுடுன்னு ஆமையக் காட்டுது. காட்டுனா நெழல்ல நிறுத்து. ஆறட்டும். தண்ணி ஊத்தாத." அப்புறம் வண்டியிலிருந்த சின்ன ஐஸ் பெட்டியைப் பார்த்தார். "ஐஸும் வெக்காத."

நான் அதுவரை அப்படி நினைத்தே பார்க்கவில்லை. அவர்தான் யோசனை கொடுத்தார் என்று சொல்லலாம்.

நான் பிறந்ததிலிருந்து பார்த்த மருந்து ஒன்றுதான். எது சூடானாலும், எது கெடும் போலிருந்தாலும், ஐஸ். மறுநாள் ஆமை வந்ததும் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, மிச்ச ஐஸை அள்ளி அப்பினேன். மீனுக்குப் போடுகிற ஐஸ், உப்புத் தண்ணி கலந்தது. கால் மணியில் ஆமை மறைந்துவிட்டது! வண்டி பறந்தது. அதைத்தான் மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காதில் விழுந்து, அவர் போன் பண்ணினார்: "அண்ணா, வேணாம்ண்ணா." அது ரெண்டாவது தடவை. மூன்றாவது தடவை மார்க்கெட்டுக்கே வந்து, அத்தனை பேர் நடுவில் சொன்னார். "ஏம்மா, உனுக்கு வருமானம் போயிடும்னு பயமா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

ஒன்பதாவது நாள் பதினொன்றரை மணி. முதல் நடை முடிந்து வந்தேன். ஆமை இல்லை. அடுத்த நடைக்கு அவசரம். வண்டியை வாசலில் ஏற்றி, சூட்டோடு சூடாக வயரை மாட்டிவிட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். மனைவி கடற்கரைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான், மகள், தூளியில் குழந்தை.

அறைக்குள்ளிருந்து மகள் கேட்டாள்: "ப்பா, யாரு நெயில் பாலிஷ் போட்டுக்கினு கீறது?"

"உங்கம்மாவா இருக்கும். பேத்தி பொறந்ததும் மினுக்க ஆரமிச்சிட்டா."

"இல்லப்பா. நெஜமா வாசன வருது. இனிப்பா, ஒரு மாதிரி."

எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. முப்பது வருஷமாக என் மூக்குக்குத் தெரிந்தது மீன் மட்டும்தான். ஆனால் ஜோக் கிடைத்துவிட்டது. உடனே அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். எச்சரிக்கை பண்ண இல்லை, கிண்டல் பண்ண. "இன்னாம்மா, எம் பேட்டரி நெயில் பாலிஷ் போட்டுக்கினு கல்யாணத்துக்குக் கெளம்புதாம், எம் பொண்ணு சொல்றா" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, கொயந்த எங்க?"

"தூளில."

"தூக்கு."

"இன்னாம்மா..."

"தூக்குண்ணா!"

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாசல் பக்கம் ஓடினேன், வயரைப் பிடுங்கலாம் என்று. போனை வைக்காமலேயே இருந்தவர் என் காலடிச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். "வயரத் தொடாத, வண்டியத் தொடாத. பின்னால போ. செருப்புத் தேடாத. ஒண்ணியும் எடுக்காத."

குழந்தையை அள்ளினேன். தூங்கிக்கொண்டிருந்தது. மகள் கட்டிலை விட்டு இறங்க வேண்டும். தையல் போட்ட வயிறு. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓரடி, ஓரடி. அவளைத் தூக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அந்த அறையிலிருந்து பின்கதவு பதினைந்து தப்படிதான். அதைவிட நீளமான ரோடு இந்தப் பாகூர் கொம்யூன் வட்டாரத்திலேயே கிடையாது.

பின்கதவு முழுசாகத் திறக்கவில்லை. ஐஸ் பெட்டி. நான் கொண்டுவந்து வைத்த ஐஸ் பெட்டி.

எனக்குப் பின்னால் விசில் அடித்தது. குக்கர் விசில் மாதிரி, ஆனால் நிற்கவில்லை. வாசல் பக்கமிருந்து வெள்ளையாகப் புகை தரையோடு தரையாக வந்தது, பால் கொட்டினாற்போல. மகள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு ஐஸ் பெட்டியைக் காலால் உதைத்தேன். நகரவில்லை. உள்ளே அடுத்த நடைக்கான ஐஸ், நான் நிரப்பியது. தோளைக் கொடுத்து முட்டினேன். என்ன சத்தம் போட்டேன் என்று தெரியாது. போனிலிருந்து "போங்கண்ணா, போங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டி சாய்ந்தது. மூன்று பேரும் மணலில் போய் விழுந்தோம்.

கடுகு வெடிப்பது மாதிரி முதலில். பிறகு சரவெடி மாதிரி. பிறகு கீற்று பிடித்துக்கொண்டது.

அவர் வரக் கால் மணி ஆகியிருக்கும். குக்கர் விசிலுக்கு ஓடுகிறவர், எரிகிற வீட்டைத் தேடி வந்தார். அப்போதும் ஸ்கூட்டரைத் திருப்பி, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி வைத்துத்தான் இறங்கினார். டிக்கியிலிருந்து கோலமாவுப் பையை எடுத்தார். வீட்டைச் சுற்றி, தூரத்தள்ளி, மணலில் கொட்டிக்கொண்டே நடந்தார். குடத்தோடு ஓடிவந்தவர்களைக் கையை விரித்துத் தடுத்தார். "கோட்டத் தாண்டாதீங்க! அந்தப் பொகைய இஸ்துக்காதீங்க! உள்ள யாரும் இல்ல, எரியட்டும்!"

"எரியட்டும்ன்றாளே, யாருடி இவ?" என்று ஒரு பெரியம்மா கத்தினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன். சாய்ந்து கிடந்த ஐஸ் பெட்டியை நோக்கி. ஐஸை அள்ளி வண்டி மேல் போட்டால் அணைந்துவிடும் என்று. அந்த நேரத்திலும் என் மண்டைக்குள் இருந்தது அதுதான்.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். துணி கிழிந்தது, விடவில்லை. அவர் பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது.

"எனக்குப் பயமா கீதுண்ணா. நீயும் பயப்படு" என்றார்.

பயந்தேன். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காகப் பயந்தேன்.

தீயணைப்பு வண்டி வந்து வெகுநேரம் அடித்து அணைத்தது. ரேஷன் கார்டு, ஆதார் ஏதாவது மிஞ்சியிருக்குமா பார்க்கலாம் என்று அக்கம்பக்கத்து ஆட்கள் ரெண்டு பேர் கிளம்பினார்கள். "இன்னும் அடங்கல. மறுபடியும் எரியும். யாரும் போவாதீங்க" என்று குறுக்கே நின்றார். முணுமுணுத்தார்கள். அவர் நகரவில்லை. நாலரை மணி வாக்கில், அணைந்து கருகிக் கிடந்த இடத்திலிருந்து தானாகவே குபீரென்று மறுபடி எரிந்தது. அந்த ரெண்டு பேரும் நின்றிருக்கக்கூடிய இடத்தில்.

யாரும் நெருப்பைப் பார்க்கவில்லை, எல்லோரும் அந்தம்மாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

மூன்று நாள் கழித்து அவரே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போக விட்டார். பக்கத்துச் சுவர் பாதி இல்லை. விட்டத்துக் கொக்கியிலிருந்து தூளிச் சேலையின் நுனி ஒரு முழம் தொங்கியது. கீழே ஒன்றும் இல்லை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழவில்லை.

"ஆம காணாமப் போச்சேம்மா. நெசமாவே சூடு எறங்குச்சே" என்றேன் அவரிடம்.

"நீ காச்சல எறக்கலண்ணா. தெர்மாமீட்டர ஐஸ்ல வெச்ச. உள்ள அது வெந்துகினே இருந்துது. உப்புத் தண்ணி வேற எறங்கிப்போச்சி. நெயில் பாலிஷ் வாசன, அது உள்ள கசிஞ்ச வாசனதான்" என்றார். திட்டவில்லை. எனக்குத் திட்டினால் தேவலை போலிருந்தது.

அதற்கப்புறம் அவர் அந்தக் களத்தில் ரெண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. வண்டிகள் வருவது குறைந்தது. 'அவ கோடு போட்டா, மறுபடி எரியும்ன்னா, எரிஞ்சிது. அவளுக்கு எப்பிடித் தெரியும்?' என்று பேச்சு. வட்டத்துக்குள் வைத்து ஏதோ செய்துதான் அனுப்புகிறாள் என்று பேச்சு. யாரோ ராத்திரியில் களத்தில் எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்களாம். மில் முதலாளி காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

சாமான் ஏற்றுகிற அன்று போய்ப் பார்த்தேன். அவசரமாக ஏற்றிக்கொண்டிருந்தார். "பயமா கீதுண்ணா" என்றார், ஆனால் இந்தத் தடவை ஸ்பேனரைக் கேட்கிற மாதிரி இல்லை. "பேட்டரின்னா புறங்கைய வெச்சிப் பாத்துடலாம். ஜனங்கள எங்க வெச்சிப் பாக்கறது?" களத்தில் நடுவே கடைசியாகப் போட்ட வட்டம் கலையாமல் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டேன். சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் மார்க்கெட்டுக்கே சொன்னதுபோல் என்று நினைத்திருக்கலாம்.

இப்போது நான் வேறு வண்டி ஓட்டுகிறேன். அதுவும் மின்சாரம்தான். ஊருக்கு வெளியே, புளியமரத்துக்கு அப்பால், ஆறவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறேன். போனைக்கூடப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். பேத்திக்கு நடை வந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தால் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுகிறேன். தெருவே சிரிக்கிறது. டீக்கடையில் ஒருத்தன் என்னை மாதிரி ஓடிக் காட்டுகிறானாம். நன்றாகவே செய்கிறான் என்றார்கள்.

போன வாரம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் அந்தம்மா பேச்சை எடுத்தேன்.

"நல்ல பொம்பளடி. ஊர்ல எவனோ சூனியம் அது இதுன்னு கெளப்பி வுட்டுட்டான். பாவம், ஓடியே போயிட்டா" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்:

"எவனோ இல்ல. நீதான்."